சுவரில் ஒட்டிய ஏழு குறிப்புகள்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. மில் மாமியின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மதியம் வரை வெறும் வயிற்றோடு இருப்பது எப்படி என்று அதில் ஏழு குறிப்புகள் இருந்தன.
2. என் அப்பா அதை நின்று வாசித்தார்.
3. அடுத்த நாளிலிருந்து காலைச் சாப்பாட்டை விட்டார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்குப் போடும் காலைக் குளிசையை விடவில்லை.
4. நான்காம் நாள் பத்தரை மணிக்கு, வயலில் வாய்க்கால் வரப்பில் விழுந்தார்.
5. ஊர் மில் மாமியைக் குற்றம் சொன்னது.
6. தாளை எழுதியது நான். மூலத்தில் எட்டாவதாக ஒரு குறிப்பு இருந்தது. அதை வெட்டியதும் நான்.

கடைசி இரண்டு வசனங்களைத் தவிர, மற்றதெல்லாம் ஊருக்குத் தெரியும்.

மாமியின் மில் மட்டக்களப்புக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் பிரதான வீதியோரம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருந்தது. அரிசி, மிளகாய், சரக்கு எல்லாம் அரைத்துக் கொடுப்பார். இரத்த உறவு எதுவும் இல்லை. ஆனால் அப்பாவை அண்ணன் என்பார், அம்மாவை மச்சாள் என்பார். அந்த முறையில் எனக்கு மாமி. அவருடைய புருவத்தில் எப்போதும் மா படிந்திருக்கும். கைபேசிக்குள் மா போகாமல் இருக்க அதை ஒரு கண்ணாடிப் பொலித்தீன் பைக்குள் போட்டு றப்பர் வளையம் மாட்டியிருப்பார். பைக்கு மேலாலேயே விரலால் தள்ளித் தள்ளி வாசிப்பார்.

அவர் வாசித்ததெல்லாம் சுருக்கங்கள். முந்நூறு பக்கப் புத்தகத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் அடக்கித் தரும் ஒரு செயலியை, லண்டனில் இருந்த தம்பி தன்னுடைய கணக்கில் இவருக்கும் சேர்த்துவிட்டிருந்தார். நித்திரை, முதுகு நோ, கோபம், உப்பு, நல்ல பழக்கங்கள், மற்றவர்களுக்கு மறுப்புச் சொல்லும் முறை என்று எந்தப் புத்தகமும் அதில் இருந்தது.

"ஒரு புத்தகம் அஞ்சு கிலோ அரிசி புள்ள," என்பார். அரிசியைத் தொட்டியில் கொட்டும்போது தொடங்கினால், கடைசி மா விழும்போது புத்தகமும் முடிந்துவிடும்.

வாசிக்கிறவர்கள் பலர் உண்டு. மாமியின் குணம் வேறு. வாசித்ததை அன்றைக்கே செய்வார், அருகில் நிற்பவரையும் செய்ய வைப்பார். "வாசிச்சதை வச்சிருக்கப்படாது. வச்சிருந்தா அது வெறும் கதை," என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். ஆறப்போடுவது அவருக்குத் தெரியாது. மில்லுக்கு வரும் பெண்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்து கதைப்பது வழக்கம். கனநேரம் உட்கார்ந்திருப்பது கூடாது என்று ஒரு சுருக்கம் சொன்ன அன்று மதியமே வாங்கு வெளியே போனது. அரிசி வாளியோடு வந்தவர்கள் மில்லைச் சுற்றி நடந்தார்கள். "மா அரைக்க வந்தமா, கோயில் சுத்த வந்தமா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "ரெண்டும் புண்ணியம்தான், நட," என்றார் மாமி.

கட்டாரில் வேலை செய்த கணவருக்கு ஒவ்வொரு புத்தகமும் குரல் பதிவாகப் போகும். அவர் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவார். வெயிலில் நடப்பதைப் பற்றிய புத்தகத்துக்கு மட்டும் வாய் திறந்தார். "இஞ்ச ரோட்டில முட்டை பொரிக்கலாம். என்னை வெயிலில நடக்கச் சொல்றாய். இந்தப் புத்தகத்தை எழுதினவன் எந்த ஊரில இருந்து எழுதினவன் எண்டு ஒருக்கா பாரு." மாமி அந்தப் பதிவை வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிச் சிரித்தார். கணவர் பார்க்கச் சொன்னதைப் பார்க்கவில்லை. அடுத்த புத்தகத்தை அனுப்பினார்.

மறுப்புச் சொல்லும் புத்தகம் மூன்று நாள் நீடித்தது. நான்கு மணிக்குப் பிறகு அரைக்க மாட்டேன், மிளகாயும் அரிசியும் ஒரே நாளில் அரைக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் இல்லை சொன்னார். மூன்றாம் நாள் நாலரைக்கு ஒரு தாய் மகளின் பிள்ளைப்பேற்றுச் சரக்கோடு வந்து வாசலில் நின்றாள். மாமி இரண்டு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு மோட்டரைப் போட்டார்.

என் அம்மாவின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பின்கழுத்து வலி ஒரு மாதமாக இருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மாமி இரத்த அழுத்தம் பற்றிய சுருக்கத்தை வாசித்துக்கொண்டு நிற்கையில் அம்மா வாளியோடு போனார். நான்காம் குறிப்பில் பின்கழுத்து வலி இருந்தது. மாமி தொட்டியில் அரைவாசி அரிசி கிடக்க மில்லைப் பூட்டி, அம்மாவை அதே சட்டையோடு கிளினிக்குக்கு இழுத்துப் போனார். அளந்த தாதி இரண்டாம் முறையும் அளந்தாராம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். அதன்பிறகு எங்கள் வீட்டில் மாமியின் சுவருக்கு ஒரு மரியாதை வந்தது. அப்பா கடைக்குப் போகிற வழியில் புதிய தாள் ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

நான் அதற்குள் வந்தது ஆங்கிலத்தால். மாமி உயர்தரம் வரை படித்தவர், ஓரளவு விளங்கும். கடினமான சொற்களுக்கு என்னைக் கூப்பிடுவார். நான் கட்டட அளவீடு படித்தவள். மட்டக்களப்பு நகரில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் வேலை. எத்தனை கல், எத்தனை மூடை, எத்தனை அடி என்று பட்டியல் போடுவதுதான் தொழில். நான் பஸ்ஸால் இறங்கும்போது மாமி வாசலில் நிற்பார். "புள்ள, இதை ஏழாக்கித் தா." நான் தமிழில் ஏழு குறிப்பாக எழுதிக் கொடுப்பேன். பெரிய எழுத்து, நீல மை, ஒரே ஒரு தாள். அவர் கோதுமை மாப் பசை பூசி ஒட்டுவார்.

ஏன் ஏழு என்று ஒருமுறை கேட்டேன். "ஏழுக்கு மேல போனா ஆக்கள் நிண்டு வாசிக்க மாட்டாங்க. பஸ் வந்திரும்," என்றார்.

எனக்கும் சுருக்குவது பிடித்திருந்தது. இரண்டு குறிப்பை ஒன்றாக்கும்போது ஒரு திருப்தி வரும். அந்த வெறும் வயிற்றுப் புத்தகத்தின் சுருக்கத்தில் எட்டுக் குறிப்புகள் இருந்தன. எட்டாவது, சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்பது. முதல் ஏழையும் குறைக்க முடியவில்லை. இதை விட்டேன். பட்டியலின் அடியில் வரும் குறிப்பைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். வேலையில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

மாமி கவனித்தார். பைக்கு மேலால் விரலை வைத்து, "கடைசியில இன்னும் ஒண்டு கிடக்கே புள்ள, அது என்ன?" என்று கேட்டார்.

"அது எல்லாப் புத்தகத்திலயும் போடுறதுதான் மாமி. டொக்டரைக் கேளுங்க எண்டு."

"அப்ப சரி," என்று பசையை எடுத்தார்.

எங்கள் ஊரில் வெறும் வயிறு புதிதல்ல. விரதம் எல்லோரும் பிடிப்போம். விரதத்தன்று குளிசை போடலாம், அது விரதத்தை முறிக்காது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். வருத்தக்காரர் விரத நாளிலும் விடியக் குளிசையை விழுங்கிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார்கள். அப்பாவும் பல வருடம் அப்படிச் செய்தவர். ஆனால் விரதத்தில் பாலும் வாழைப்பழமும் உண்டு, பானக்கம் உண்டு, நிழலில் இருக்கலாம். தாளில் தண்ணீர் மட்டும் என்று இருந்தது. மூன்றாம் நாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அப்பா நின்றபடி தண்ணீரோடு குளிசையை விழுங்கியதைப் பார்த்தேன். அம்மா புட்டை மூடி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் சொன்னபடி செய்கிறாரே என்று சந்தோசமாகக்கூட இருந்தது.

நான்காம் நாள் அறுவடை. எங்கள் வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் உள்ள ஒரு வட்டையில் இருக்கிறது. அந்த வயல்வெளிக்குப் போக ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும் இரும்பு மிதவையில் கடக்க வேண்டும். எங்கள் பக்கம் அதற்குப் பாதை என்று பெயர். வெட்டு மெசின் எங்கள் முறைக்கு எப்போது வரும் என்று தெரியாததால் அப்பா ஆறு மணிக்கே போய் வெயிலில் நின்றார்.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன் அவருடைய இலக்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியது வேறு ஆள். நெல் பார்க்க வந்த ஓட்டமாவடி வியாபாரி என்று தன்னைச் சொன்னார்.

"மகள், பயப்புடாதீங்க. உங்கட அப்பா விழுந்திட்டாரு. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது, பேச்சு கொளறுது. எனக்கும் சீனி இரிக்கி, பார்த்தா விளங்கும். முழுங்க ஏலுமா இருந்திச்சு, சோடா கொஞ்சம் குடுத்திருக்கன். பாதைக்குக் கொண்டு வாறம்."

நான் பஸ்ஸில் ஏறிவிட்டுத் திரும்ப அழைப்பு எடுத்தேன். மிதவைப் பாதை மறுகரைக்குப் போய்விட்டது, இன்னும் திரும்பவில்லை, துறையில் நிற்கிறோம் என்றார். சுற்றிப் போகலாமா என்று யாரோ கேட்பதும், வேண்டாம் அதுக்குள்ள இது வந்திரும் என்று யாரோ சொல்வதும் கேட்டது. பிறகு அவர் என்னிடம் கேட்டார்.

"காலைல என்ன சாப்பிட்டாரு?"

"ஒண்டும் இல்ல."

"குளிசை?"

"போட்டவர்."



"வெறும் வயித்திலயா மகள்? நோம்பு வந்தா எங்கட டொக்டர் முதல் குளிசையத்தான் மாத்துவாரு. இதை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லையா?"

நான் பஸ்ஸில் நின்றபடி, மாமியின் கணக்கில் எனக்கும் திறக்கக்கூடியதாக இருந்த அந்தச் செயலியைத் திறந்து எட்டாவது குறிப்பை வாசித்தேன். இரண்டு வரி. கிரான்குளம் தாண்டும் வரை அதையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் போன பிறகுதான் அப்பாவைக் கொண்டுவந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. என்னை யார் என்று கேட்டார். ஊசி ஏற்றி அரைமணியில் என் பெயரைச் சொன்னார். இனிப் பயமில்லை என்று நான் நினைத்தபோது டொக்டர் அப்படி நினைக்க வேண்டாம் என்றார். அந்தக் குளிசை உடம்பில் நின்று வேலை செய்யும், சீனி திரும்பவும் இறங்கும். இறங்கியது. மூன்று மணிக்குப் பேசிக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் நின்றார். அம்மா அவருடைய காலைப் பிடித்து உலுக்கினார். அன்றும் அடுத்த நாளும் மணிக்கு ஒரு தரம் விரலில் குத்திப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் அப்பா என்னைத் தேற்றுவதற்காக ஒன்று சொன்னார். "நீ என்னத்துக்கு அழுறாய்? ஊர்த் தாள் எண்டா நான் ஏன் செய்யிறன். உன்ர எழுத்து எண்டபடியால்தான் செய்தன்."

மூன்றாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் மில்லுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஐந்தாறு பெண்கள் வாளிகளோடு நின்றார்கள். மாமி மோட்டரை நிற்பாட்டினார். "மச்சாள், அண்ணனுக்கு எப்பிடி?" என்று கேட்டபடி வந்தார். அம்மா அன்று அவரை மச்சாள் என்று கூப்பிடவில்லை.

"நீ டொக்டரா?" என்றார்.

மாமி கையிலிருந்த மாவைத் தட்டினார்.

"உன்னை நம்பி அந்த மனிசன் நாலு நாள் பட்டினி கிடந்தது. நீ சொல்லிக் குடுத்ததை என்ர புள்ள எழுதினா. அவளுக்கு என்ன தெரியும், உன்னை மாமி எண்டு நம்பினவள். குடும்பத்தையே சாகக் குடுக்கப் பார்த்தாய்."

வாளி வைத்திருந்த ஒருத்தி, தனக்கு அப்போதே சந்தேகம் என்றாள். அவள்தான் அந்தத் தாளைப் படமெடுத்துக் கொழும்பில் இருந்த தங்கைக்கு அனுப்பியவள்.

மாமி என்னை ஒருமுறை பார்த்தார். கேள்வி ஏதும் இல்லாத பார்வை. நான் சொல்லிவிடுவேனா என்று பார்த்ததாகவும் எனக்குப் படவில்லை. என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். பிறகு அம்மாவிடம், "ஓம். என்ர சுவரில ஒட்டின தாள். நான்தான் பொறுப்பு," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஏற்கெனவே என்னைக் குற்றத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டிருந்தார். எடுத்த இடத்தில் நின்றுகொண்டேன்.

அடுத்த நாள் பின்பக்கத்தால் போனேன். மாமி சுவரிலிருந்த தாள்களை எல்லாம் தண்ணீர் தெளித்துக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றேன். சுரண்டுவதை நிறுத்தாமல் பேசினார்.

"நீ எழுதினாய், நான் ஒட்டினன். ஒட்டுறவள் வாசிச்சிருக்கோணும். கேட்டன், நீ ஒண்டு சொன்னாய், அதோட விட்டன். ஏன் விட்டன்? எனக்குச் சுறுக்கா ஒட்டோணும், அவ்வளவுதான்."

"ஆனா மாமி, அம்மா உங்களை..."

"அவ என்னோட கோவிச்சுக்கொண்டு இருக்கலாம். உன்னோட கோவிச்சா எந்த வீட்டுக்குப் போறது? மனிசன் எழும்பி நடக்கட்டும். மறுகா பாப்பம்."

பிறகு பார்க்கலாம் என்ற அந்த மறுகாவைப் பிடித்துக்கொண்டேன். அப்பா எழும்பினார், நடந்தார், கை எலும்பு பொருந்தியது. நான் சொல்லவில்லை.

மில்லுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. வந்தவர்களும் அரைத்துக்கொண்டு போனார்கள். மாமி எதையும் வாசித்துக் காட்டவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, அந்த வெறும் வயிற்றுப் புத்தகம் முழுவதாக வேண்டும் என்றார். தேடி இறக்கிக் கொடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்து நாளுக்கு ஒரு பக்கம் வாசித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மெல்ல, ஆறுதலாப் போகுது," என்றார். அதற்கு மேல் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. எல்லாவற்றையும் அன்றைக்கே செய்கிற மனிதர் பேசாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. பஸ்ஸால் இறங்கி மறுபக்கத்தால் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். சில மாதத்தில் மில்லின் பெல்ட் அறுந்தது. திருத்தவில்லை. மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று திருகோணமலைக்குப் போனார். திரும்பி வரவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் அப்பாவிடம் சொன்னேன். கிளினிக் வரிசையில் இருக்கும்போது, எட்டாவது குறிப்பை அப்படியே சொன்னேன். வெகுநேரம் தன் வளைந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "கொம்மாட்ட நீதான் சொல்லோணும்," என்றார். அன்று பின்னேரமே சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், சுளகை நிறுத்தவில்லை. மூன்று நாள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். நான்காம் நாள், "அவட நம்பர் உன்னட்ட கிடக்கா?" என்று கேட்டார்.

இன்றைய நிலை இது. அப்பா சாப்பிட்ட பிறகு குளிசை போடுகிறார். மில் பூட்டியிருக்கிறது. இலக்கத்தை அம்மாவின் கைபேசியில் பதிந்து கொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அம்மா இன்னும் மாமிக்கு அழைப்பு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.